பாதியில் நின்ற மோட்டார் வண்டி



மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவன் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தால், கல்லடிப் பாலத்தையும் பாடும் மீன்களையும் பற்றியே பேசுவான் என்று எதிர்பார்ப்பது வழக்கம். நானும் முன்னர் அவ்வாறு பேசியவனே. இன்று அவ்வாவியின் கரையில், ஒரு தகரக் கொட்டிலினுள், நான்கு மரக்குற்றிகளின் மேல் நின்ற ஒரு மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வேறொருவர் தொடங்கி முடிக்காமல் விட்ட அவ்வண்டியை வாங்குவதா, விடுவதா என்னும் கேள்வி சென்ற ஆண்டில் ஏறக்குறைய மூன்று மாதங்கள் என் உறக்கத்தைக் கெடுத்தது.

என் வீடு கல்லடியில். நான் அதிபராகப் பணிபுரியும் பாடசாலையோ வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, மோட்டார்ச் சைக்கிளைப் பாதையில் ஏற்றி அக்கரை சேர்ந்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். வெளியூர் நேயர்களுக்காக ஒரு சொல்: எங்கள் பகுதியில் பாதை என்பது வீதியன்று; ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவை. பாலம் வந்து பயணம் எளிதாயிற்று. ஆனால் ஐம்பத்தைந்து வயதில், மார்கழி மழையில், மோட்டார்ச் சைக்கிளில் செல்வது முழங்காலுக்கு ஒவ்வாது என்று வைத்தியர் கூறிவிட்டார். சிறிய கார் ஒன்று வாங்கலாம் என எண்ணினேன்.

எண்ணுவது எளிது. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், ஓடித் தேய்ந்த ஜப்பானியக் கார்களுக்குக்கூட எட்டாத விலை வந்துவிட்டது. 2025 பெப்ரவரியில் தடை நீங்கியது, வரி நீங்கவில்லை. ஆகவே அரசாங்க உத்தியோகத்தரின் கண்கள் இயல்பாகவே பழைய பிரித்தானிய வண்டிகளின்பால் திரும்பின. நம் நாட்டிற்கு இது புதிதன்று. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களில் கார்களின் வரவு சுருங்கியபோதும், இருந்த வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டியே காலங்கழித்தோம். போர்க்காலத்தில், பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரினையும் மொரிசையும் சிறிதளவு பெற்றோலால் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயிலேயே ஓட்டினார்கள். கியூபா நாட்டின் ஹவானா நகரில் 1950களின் அமெரிக்கக் கார்கள் வேற்று நாட்டு எஞ்சின்களுடன் இன்றும் ஓடுவதும் இதே காரணத்தினால்தான். புதியது வராத நாட்டில் பழையது சாவதில்லை.

கொட்டிலில் நின்றது ஒரு மொரிஸ் மைனர் 1000. இரண்டு கதவுகள் கொண்டது. இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து. அதற்கு முந்திய வண்டிகளுக்கு, சிலோன் என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களிலிருந்து எடுத்த இரட்டை எழுத்துக்கள் இருந்தன. 1958 இல் அந்தச் சிங்கள ஸ்ரீயை முன்னிட்டு எழுந்த கிளர்ச்சியையும், அதனைத் தொடர்ந்த துயரங்களையும் வகுப்பில் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அவ்வெழுத்தைத் தாங்கிய வண்டியொன்றை வாங்குவதற்குப் பேரம் பேசுவேன் என்று நினைத்ததில்லை.

மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். பிற்காலத்தில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் மைனர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதற்குச் சற்று முன் நடந்ததாகச் சொல்லப்படும் செய்தி நமது பொருளுக்கு மிகவும் பொருந்தும். மாதிரி வண்டி முடிந்த நிலையில், அகலம் போதாது என்று இசிகோனிசுக்குத் தோன்றிற்று. வண்டியை நெடுக்கே இரண்டாக வெட்டச் செய்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, கண்ணுக்குச் சரியாகத் தோன்றிய இடத்தில் நிறுத்தினார். இடைவெளி 4 அங்குலம். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டையைப் பார்த்தால் அந்த 4 அங்குலத்தை இன்றும் காணலாம். தொடங்கிய வேலையைப் பாதியில் அறுத்து மாற்றுவது அவ்வண்டியின் பிறவிக் குணம் போலும். பத்து இலட்சத்தை எட்டிய முதற் பிரித்தானியக் கார் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி முடிவதற்குள் பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன.

இவ்வண்டியின் உரிமையாளர் வளைகுடா நாடொன்றில் பல்லாண்டு உழைத்து, ஊர் திரும்பியவர். அவருடைய எண்ணம் பழைய வண்டியைப் பழையபடியே புதுப்பிப்பதன்று. 948 கன சென்ரிமீற்றர் கொண்ட மொரிஸ் எஞ்சினைக் கழற்றிவிட்டு, டற்சன் 1200 எஞ்சினையும் அதன் கியர் பெட்டியையும் பொருத்த வேண்டும். அகன்ற சக்கரங்கள், புதிய இருக்கைகள் அமைக்க வேண்டும். கொழும்புக்கு ஒரே மூச்சில் ஓட வேண்டும் என்பது அவர் கனவு. நான்கு ஆண்டுகள் தம் கையாலேயே உழைத்தார். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் மாரடைப்பால் காலமானார். அவர் மகன் என்னிடம் படித்தவன். அப்போது உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தான். அவனே வந்து, “சேர், அம்மா காரை விற்கப் போகிறா. உங்களுக்கு வேணுமா என்று கேட்கச் சொன்னா” என்றான்.

முதன்முறை பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், மயங்கிவிட்டேன். கரும்பச்சை வர்ணம் பளபளத்தது. தைத்து முடித்த தோல் இருக்கைகள் பொலித்தீனால் மூடப்பட்டிருந்தன. மரப்பிடியுள்ள திருப்புவளையம் ஒன்று பெட்டியிலேயே இருந்தது. எஞ்சின் அதன் இடத்தில் அமர்ந்திருந்தது. “தொண்ணூறு வீதம் முடிந்துவிட்டது” என்று அங்கு நின்ற உறவினர் ஒருவர் கூறினார். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் ஆங்கிலேயர் ஒருவருடைய மோட்டார்ச் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டியே யந்திரக்கலை கற்றார் என்ற வரலாறு என் நினைவுக்கு வந்தது. நான் வரலாற்றுப் பட்டதாரி என்பதும், வீட்டுத் தண்ணீர்க் குழாயைக்கூடப் பிறரைக் கொண்டே பூட்டுவிப்பவன் என்பதும் அவ்வேளையில் நினைவுக்கு வரவில்லை.

நல்லவேளையாக, காத்தான்குடியில் டிங்கர் வேலை செய்யும் முதியவர் ஒருவரை அறிவேன். நானா என்றே எல்லோரும் அழைப்பர். அவரை மறுமுறை அழைத்துச் சென்றேன். போகும்போது பாடசாலை விஞ்ஞான கூடத்திலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுவரச் சொன்னார். வர்ணத்தின் மேல் மெல்லிய துணியை வைத்து, அதன்மேல் காந்தத்தை நகர்த்திக்கொண்டே சென்றார். இரும்பு உள்ள இடத்தில் அது பற்றியது. கதவுகளின் கீழே, ஏறுபடியை அடுத்த தகட்டில், ஒரு சாண் நீளத்துக்குப் பற்றவேயில்லை. அங்கிருந்தது இரும்பன்று, பட்டி. “சேர், பெயின்ற் புதுசு. உள்ள போனது பழசு” என்றார் நானா.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பாரவண்டிகளுக்கும் பழங்காலக் கார்களுக்கும் உள்ளதைப் போன்று, மைனருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டம். ஏறுபடித் தகடும், முன்னிருக்கைகளின் கீழே குறுக்காகச் செல்லும் பெட்டி போன்ற தகடும், பின்வில்லுகளைத் தாங்கும் இடங்களும் சேர்ந்தே வண்டியின் எலும்புக்கூடு. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளின் பின்முனைகள் அந்தக் குறுக்குத் தகட்டிலேயே பூட்டப்பட்டுள்ளன. அத்தகடு துருப்பிடித்துத் தளர்ந்தால் சக்கரத்தின் நிலையே தளரும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மெல்லிய மணற்பட்டியில் வாழும் எங்களுக்கு வாடைக்காற்று என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. யன்னற் கம்பிகளைக் கேட்டாற் போதும். நானா பலகையில் மல்லாந்து கிடந்தபடி கீழே நுழைந்து, திருப்புளியால் குறுக்குத் தகட்டைக் குத்தினார். அது உள்ளே சென்றுவிட்டது.

எழுந்து தூசியைத் தட்டியபின் அவர் சொன்னவற்றை என் சொற்களில் தருகிறேன். டற்சன் எஞ்சின் பழையதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வலுவுள்ளது. ஆனால் பிறேக் அந்நாளைய பிறேக்காகவே இருக்கிறது. வேகத்தைப் பெருக்கும் பொருள் வாங்கப்பட்டிருக்கிறது, நிறுத்தும் பொருள் வாங்கப்படவில்லை. மொரிஸ் வண்டியில் மின்கலத்தின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். ஜப்பானிய எஞ்சினுக்கு அது எதிராக வேண்டும். வயர்கள் பாதி மாற்றப்பட்டிருக்கின்றன, எந்தப் பாதி என்பதைச் செய்தவரே அறிவார். கியர் பெட்டிக்காகத் தரைத்தகட்டின் மேடு வெட்டப்பட்டு மூடப்படாமல் இருக்கிறது. எஞ்சின் இடத்தில் அமர்ந்திருக்கிறதே ஒழிய, அதைத் தாங்கும் பிடிகள் தற்காலிகமாக ஒட்டப்பட்டவை. புதுப்பிக்கத் தொடங்காத வண்டியாயின் குறை அனைத்தும் வெளியே தெரியும். முடித்த வண்டியாயின் ஓட்டிப் பார்க்கலாம். நடுவில் நிற்பதை எப்படிப் பார்ப்பது?

அண்டை வீட்டு ஓடாவியாரும் இதையே வேறுவிதமாகக் கூறினார். இன்னொருவர் வங்கு வளைத்த தோணிக்குத் தாம் பலகை அடிப்பதில்லையாம். அடித்தால் பிறகு ஒழுகுவது யாருடைய ஒழுக்கு என்று சொல்ல முடியாது என்றார்.

பத்திரங்களையும் பார்த்தோம். இந்நாட்டில், முன்னையவர் ஒப்பமிட்டுக் கொடுத்த மாற்றப் படிவத்தை வைத்துக்கொண்டே வண்டிகள் மூன்று நான்கு கை மாறுவதுண்டு. அவ்வாறின்றி இது இறந்தவரின் பெயரிலேயே ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. ஆயினும் பதிவிலுள்ள எஞ்சின் இலக்கம் மொரிஸ் எஞ்சினுடையது. டற்சனைப் பூட்டி ஓட்டுவதாயின் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி பெற்றுப் பதிவைத் திருத்த வேண்டும். செல்லுபடியாகாத ஆண்டுகளுக்குரிய வருமான அனுமதிப்பத்திரக் கணக்கைப் பிரதேச செயலகத்தில் கேட்டறிய வேண்டும். உரிமையாளரின் மனைவியிடமிருந்து எனக்குப் பெயர் மாறுவதற்குரிய ஆவணங்கள் வேறு.

இனி விலை. அவ்வம்மையார் கேட்டது எட்டு இலட்சம். காரணமில்லாமல் கேட்கவில்லை. கணவர் ஒவ்வொரு செலவையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். கூட்டினால் ஒன்பது இலட்சத்துக்கு மேல் வந்தது. ஓர் இலட்சம் குறைத்தே கேட்கிறேன் என்று அவர் நினைத்தார். அவர் நிலையில் யாரும் அப்படித்தான் நினைப்பர். ஆனால் வாங்குபவன் செலவழிந்ததைக் கணக்கிடலாகாது. செலவழிய இருப்பதையே கணக்கிட வேண்டும். நன்றாக ஓடும் மைனர் ஒன்று கல்முனையில் எனக்குப் பன்னிரண்டு இலட்சத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. இவ்வண்டியை முடிக்க ஐந்தரை இலட்சமாவது வேண்டும் என்று நானா மதித்தார். மிஞ்சுவது ஆறரை. அதிலும், தெரியாத குறைகளுக்கென ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். வெளியூர் வியாபாரி ஒருவர் நாலரை தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வண்டியைப் பிரித்து, கதவு வேறாக, கண்ணாடி வேறாக விற்பவர்.

என் மனைவி கணக்கைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “முடிக்கப் போவது நீங்கள் அல்ல, நானா. அவருக்கு இப்போது என்ன வயது?” எழுபத்தொன்று. மட்டக்களப்பில் இந்தத் தகட்டு வேலையைச் செய்யக்கூடியவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு கை போதுமாயிருந்தது.

அக்கொப்பியை இரவல் வாங்கி வந்து இரண்டு இரவுகள் வாசித்தேன். பழைய ஆவணங்களை வாசிப்பது ஒன்றே எனக்குத் தெரிந்த தொழில். முதல் மூன்று ஆண்டுகளின் பக்கங்களில் வேலை நடந்திருக்கிறது: எஞ்சின் வாங்கியது, பஞ்சிகாவத்தையிலிருந்து கியர் பெட்டி வந்தது, தரைத்தகட்டை வெட்டியது, வர்ணம் அடித்தது. பின்னர் ஒரு நாள், பென்சிலால் ஒரு வரி: குறுக்குத் தகடு இரு பக்கமும் போய்விட்டது. அதற்குப் பின் எட்டு மாதங்கள் அவர் உயிரோடிருந்தார். அந்த எட்டு மாதங்களில் வாங்கியவை எல்லாம் இருக்கைத் தோல், திருப்புவளையம், ஊதுகுழல், சக்கர மூடிகள். அடியில் புகுந்து செய்யும் வேலை ஒன்றும் இல்லை. அவர் வேலையை நிறுத்தியது மரணத்தினால் அன்று. அந்தத் தகட்டைக் கண்ட நாளிலேயே நிறுத்திவிட்டார். அவர் எழுதியதை அவர் மனைவி பார்த்திருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

இங்கேதான் என் உறக்கம் கெட்டது. அதனைச் சொல்லாமல் விலையைக் குறைக்கச் சொன்னால், அது ஆதாயத்துக்காகப் பேரம் பேசுவதாகவே அவருக்குத் தோன்றும். சொன்னாலோ, கணவர் ஆசையோடு செய்துகொண்டிருந்தார் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், அவர் எட்டு மாதங்கள் முன்பே கைவிட்டுவிட்டார் என்று சொல்வதாகும். சொல்லாமல் விலகிவிடலாம். வியாபாரி கொண்டுபோவார், அவருக்குக் குறுக்குத் தகடு தேவையில்லை.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற அன்று அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தக் கிழமை முழுக்கக் கொட்டில் பக்கமே போகல்ல சேர். காய்ச்சல் என்று நினைச்சன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தீர்வு நானாவிடமிருந்தே வந்தது. கொட்டிலின் மூலையில், எண்ணெய்த் துணியால் சுற்றப்பட்டு, பழைய மொரிஸ் எஞ்சினும் கியர் பெட்டியும் இருந்தன. வளைகுடாவில் யந்திரங்களோடு பழகியவர் ஆகையால் கழற்றியதைக் கவனமாகவே வைத்திருந்தார். எஞ்சின் கையால் சுழற்றச் சுழன்றது. அதன் இலக்கமே பதிவிலுள்ள இலக்கம். “அதைத் திரும்பப் போட்டா பிறேக்குப் பிரச்சினையும் இல்ல, வயரிங் பிரச்சினையும் இல்ல, ஒபீசில போய் நிக்கவும் தேவையில்ல” என்றார். தரைத்தகட்டின் மேட்டை அடைக்க வேண்டும். குறுக்குத் தகட்டையும் ஏறுபடிகளையும் புதிதாக ஒட்ட வேண்டும். முன்சக்கர மூட்டுக்களைப் பார்த்துக் கிறீஸ் இட வேண்டும். கிறீஸ் இடாது விட்டால் அம்மூட்டுக் கழன்று சக்கரம் சாய்ந்துவிடுவது மைனருக்கு நெடுநாளைய நோய். தகடுகளுக்கும் பஞ்சமில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்த சார்ள்ஸ் வெயர் என்பார், 1990களில் இலங்கையிலேயே அவற்றின் பாகங்களைச் செய்விக்க ஏற்பாடு செய்தார். அன்று இங்கிருந்து அங்கே போனவை அவை.

இவ்வாறு முடிவாயிற்று. டற்சன் எஞ்சினையும், அதன் கியர் பெட்டியையும், அகன்ற சக்கரங்களையும் அம்மையாரே வேறாக விற்றார். இரண்டேகால் இலட்சம் கிடைத்தது. எஞ்சிய வண்டியை, பழைய எஞ்சினோடும் பழைய சக்கரங்களோடும், ஐந்து இலட்சத்துக்கு நான் வாங்கினேன். அவர் கேட்ட எட்டுக்கு முக்கால் இலட்சம் குறைவு.

மகனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. “அப்பா நினைச்ச கார் இதில்லையே சேர்” என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி. நான் வாங்கியது அவன் தந்தை வெட்டத் தொடங்குவதற்கு முன்னிருந்த காரை. அவருடைய கனவை விலை கொடுத்து வாங்க எனக்கு வழியும் இல்லை. முடித்து ஓட்டத் திறமையும் இல்லை. இதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “டற்சன் எஞ்சினைக் கழற்ற உதவிக்கு ஆள் வேண்டும்” என்றேன். இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் சனிக்கிழமை வந்தான். சங்கிலிக் கப்பியை இழுத்தவன் அவனே. வயர்களில் தந்தையார் மாற்றியவை எவை, மாற்றாதவை எவை என்பது, நானாவும் நானும் அஞ்சியதற்கு மாறாக, அவனுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தவன் அல்லவா?

இப்போது வண்டி காத்தான்குடியில் நிற்கிறது. இடப்பக்க ஏறுபடி ஒட்டியாயிற்று. குறுக்குத் தகடு சென்ற வாரம் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கதவுகள் சாயாதிருக்க உள்ளே இரும்புக் குழாய்களை முட்டுக்கொடுத்துவிட்டே பழைய தகட்டை வெட்ட வேண்டுமாம். வாடை மழை தொடங்குமுன் முடிப்பதாக நானா சொல்கிறார். எந்த ஆண்டு வாடை என்று நான் கேட்கவில்லை. அதுவரை மண்முனைப் பாலத்தில் மோட்டார்ச் சைக்கிளில் போகும் முதியவர் ஒருவரைக் கண்டால், அது நானாக இருக்கலாம்.